ஏழு டம்ளர் புதினா

போன மாதம் இந்தப் பக்கத்தில் தட்டுவடை செட்டுக்கு அரைக்கிற பச்சைச் சட்னி பற்றி எழுதினேன். எழுதி முடித்துவிட்டு, ‘மிச்சமாகும் புதினாவை வீணாக்காமல் டீ போட்டுக் குடியுங்கள்’ என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்தேன். வந்த கடிதம் அத்தனையும் அந்த ஒரு வரிக்குத்தான். சட்னியை ஒருவரும் சீண்டவில்லை. சரி, இந்த மாதம் முழுக்கப் புதினா டீயே இருக்கட்டும்.

கடையில் புதினா கிரீன் டீ, மூலிகை டீ என்று ஐந்தாறு பெட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது? நீங்கள் குடித்துப் பார்த்துச் சொன்னால் வாங்குவேன்.
– ஓர் ஆசிரியை, அழகாபுரம்

குடித்தே பார்த்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு எங்கள் வீட்டு மேசையில் ஏழு எவர்சில்வர் டம்ளர். அடியில் பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதியது என் அண்ணன் மகன். நான் சொல்லச் சொல்ல டீ போட்டவனும் அவன்தான். போட்டுவிட்டு டம்ளர்களை இடம் மாற்றி வைத்தான். எது எதுவென்று அவனுக்கு மட்டும் தெரியும். குடித்தவர்கள் மூன்று பேர்: நான், வீட்டுக்காரர், ஓமலூரிலிருந்து வந்திருந்த நாத்தனார். நாத்தனாரை மத்தியானத்திலிருந்தே வெற்றிலை போட விடவில்லை. அந்தக் கோபம் அவர் தீர்ப்பு ஒவ்வொன்றிலும் தெரிந்தது.

என் அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். கொட்டை வாங்க வருகிறவர்கள் காபியை ஸ்பூனில் எடுத்து ‘ஸ்ர்ர்ர்’ என்று ஊருக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சி, வாயெல்லாம் சுழற்றிவிட்டு எச்சில் படிக்கத்தில் துப்புவார்கள். காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். நாங்களும் அப்படித்தான் உறிஞ்சினோம். துப்பவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் டம்ளர் வெந்நீர் ஊற்றின உடனே கூடம் வரைக்கும் மணத்தது. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு, “இதுதான், இதுதான்” என்றார். ஒரு வாய் உறிஞ்சினால் மூக்குக்கு விருந்து, நாக்குக்குப் பட்டினி. அதே பையில் இன்னொரு தரம் வெந்நீர் ஊற்றினோம். மணமும் இல்லை, வெறும் கசப்பு. பிறகு பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் சேர்மானப் பட்டியலில் கிரீன் டீ, அடுத்து ‘சேர்க்கப்பட்ட நறுமணம்’. புதினா இலை என்று ஒரு சொல் இல்லை. முன்பக்கத்தில் மட்டும் பனித்துளியோடு இலைப் படம்.

இரண்டாவது, இலை சேர்த்த பை. முதலாவதைவிட மணம் பாதிதான், ஆனால் கடைசி மடக்கு வரைக்கும் இருந்தது. ஆறாவது, துளசியும் புதினாவும் கலந்த மூலிகைப் பை. துளசி புதினாவை விழுங்கிவிட்டது. சளிக்குக் கொடுத்தால் குடிக்கலாம்.

மூன்றாவதும் நாலாவதும் நானே சேர்த்தவை. குன்னூரிலிருந்து வாங்கி வந்த உதிரி கிரீன் டீ இலை இரண்டுக்கும் பொது. ஒன்றில் உழவர் சந்தைப் பச்சைப் புதினா, இன்னொன்றில் நிழலில் காயவைத்த அதே புதினா. பச்சை இலைதான் ஜெயிக்கும் என்று நினைத்திருந்தேன். தோற்றுப்போனது. கிரீன் டீயிலேயே கொஞ்சம் புல் வாசம் உண்டு. பச்சைப் புதினாவும் புல் வாசத்தோடு வந்தால் புல்லோடு புல் சேர்ந்து மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போய்விடுகிறது. காய்ந்த இலையில் அந்தப் பச்சை நெடி அடங்கி இனிப்பான வாசம் நின்றது. தேயிலை சேர்க்காமல் புதினாவை மட்டும் போட்டுக் குடிப்பதானால் மட்டும் பச்சை இலைக்கு என் ஓட்டு.

ஐந்தாவது, வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரப் பையன் கொண்டுவந்த பெப்பர்மின்ட் பை. தேயிலையே கிடையாது. ஒரு வாய் குடித்துவிட்டு நாத்தனார், “என்ன இது, தைலத்தைக் கரைச்சுக் குடுத்த மாதிரி இருக்குது” என்று தள்ளி வைத்தார். வீட்டுக்காரர் அந்த டம்ளரையும் எடுத்துக் குடித்துவிட்டு, இதுதான் முதல் பரிசு என்றார். மூக்கடைப்புக்காரர், அவர் பேச்சை நம்பாதீர்கள்.

ஏழாவது, மொராக்கோ நாட்டுப் பாணி. சீனாவின் செஜியாங் பக்கத்தில் ‘கன்பவுடர்’ என்றொரு கிரீன் டீ செய்கிறார்கள். இலையை உருட்டி உருட்டி வெடிமருந்துக் குருணை மாதிரி வைத்திருப்பார்கள். மொராக்கோக்காரர்கள் அதைக் கொதி தண்ணீரில் ஒரு தரம் அலசிக் கீழே கொட்டிவிட்டு, பிறகு கை நிறையப் புதினாவும் தாராளமாகச் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சுகிறார்கள். கெண்டியைத் தலைக்கு மேலே தூக்கி நுரை வர ஊற்றுவார்களாம். இதைக் கேட்டதும் அண்ணன் மகன் டீ மாஸ்டர் மாதிரி கையை உயர்த்தினான். மேசை துடைக்க ஒரு துண்டு போயிற்று. ஆனால் ருசி? வெற்றிலைக் கோபத்தை மறந்து நாத்தனார் இரண்டாவது டம்ளர் கேட்டது இதற்கு மட்டும்தான்.

ஆசிரியை அவர்களே, உங்களுக்கு என் பதில்: கலந்த பை எதையும் வாங்காதீர்கள். புதினாவும் கிரீன் டீயும் ஒரே பையில் குடித்தனம் நடத்த முடியாத ஜோடி. புதினாவுக்குக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வேண்டும், மூடி வைத்து ஏழெட்டு நிமிடம் ஊற வேண்டும். கிரீன் டீக்குக் கொதி தண்ணீரே ஆகாது. 80 டிகிரிக்குக் கீழே, இரண்டு நிமிடம், அவ்வளவுதான். அதற்கு மேல் சூடும் நேரமும் கூடினால் கசப்பும் துவர்ப்பும் மளமளவென்று இறங்கிவிடும். பையில் இரண்டையும் சேர்த்து அடைத்துவிட்டால் ஒன்று புதினா வேகாது, இல்லை தேயிலை கருகின மாதிரி கசக்கும். உதிரிக் கிரீன் டீ ஒரு பெட்டி, சந்தையில் புதினா ஒரு கட்டு, தனித்தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். காய்ந்த புதினா ஒரு ஸ்பூனை ஒரு டம்ளர் கொதி தண்ணீரில் போட்டு மூடிவிடுங்கள். எட்டு நிமிடத்தில் புதினாவும் இறங்கியிருக்கும், தண்ணீரும் தானாகவே 80க்குப் பக்கத்தில் வந்திருக்கும். அப்போது தேயிலை ஒரு சின்ன ஸ்பூன் போட்டு, இரண்டு நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். நாலாவது டம்ளர் அப்படிப் போட்டதுதான்.

பெப்பர்மின்ட் என்பதும் நம் புதினா என்பதும் ஒன்றுதானே? பெயர்தானே வேறு?
– கல்லூரி மாணவர், ஐந்து ரோடு

இல்லை தம்பி. சட்னிக்கு அரைக்கிற நம் புதினா ‘ஸ்பியர்மின்ட்’ வகை. அதன் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்கிற பொருள். பெப்பர்மின்ட் என்பது ஸ்பியர்மின்ட்டும் நீர்ப்புதினாவும் கலந்து பிறந்த கலப்பினம். அது விதையில் முளைக்காது, தண்டை வெட்டித்தான் பெருக்க வேண்டும். அதில் முக்கியமான சரக்கு மெந்தால். உத்தரப்பிரதேசத்தில் பாராபங்கிப் பக்கம் மூன்றாவதாக ஒரு வகை விளைகிறது, ஜப்பான் புதினா என்பார்கள். தைலத்திலும் இருமல் மிட்டாயிலும் இருக்கும் மெந்தால் பெரும்பாலும் அதிலிருந்து வருவதுதான். அதனால்தான் எங்கள் நாத்தனாருக்கு ஐந்தாவது டம்ளரில் தைலம் தெரிந்தது. அவர் நாக்கு பொய் சொல்லவில்லை.

மெந்தால் வாயைக் குளிர வைப்பதும் இல்லை. ‘சில்’லென்று இருந்த அதே டம்ளரில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தோம், 58 டிகிரி காட்டியது. நம் நரம்பில் குளிரை உணர்கிற ஒரு வாசல் இருக்கிறது. மெந்தால் பட்டால் அது குளிர் பட்ட மாதிரியே திறந்துகொள்ளும். சூட்டையும் குளிரையும் தொடுதலையும் உடம்பு எப்படி அறிகிறது என்று கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவருக்கும் 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் குளிர் வாசலைத் தேட அவர்கள் பயன்படுத்தியது இந்த மெந்தாலைத்தான்.

இன்னொரு வேடிக்கை. செவ்வாய்ப்பேட்டையில் ஏதாவது நாட்டு மருந்துக் கடையில் சதகுப்பை வாங்கி உள்ளங்கையில் நசுக்கி மோந்து பாருங்கள். அந்த வாசத்துக்கும் காரணம் அதே கார்வோன்தான். இரண்டு கார்வோனும் வலது கால் செருப்பும் இடது கால் செருப்பும் மாதிரி, ஒன்றின் கண்ணாடிப் பிம்பம் மற்றது. ஆனால் புதினாவையும் சதகுப்பையையும் பக்கத்தில் வைத்து மோந்தால் இரண்டும் சொந்தம் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் குடிக்கிற அதே கிரீன் டீ, அதே பெட்டி. சேலத்தில் மகள் வீட்டில் போட்டால் கசக்கிறது, மேலே ஆடை மாதிரி ஏதோ மிதக்கிறது. மலைக் காற்றுதான் காரணம் என்கிறாள். உண்மையா?
– இல்லத்தரசி, நாகலூர், ஏற்காடு

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். என் அக்காவும் ஏற்காட்டில்தான் இருக்கிறாள். இருபது வருஷமாக எனக்கும் இதே சந்தேகம்.

முதலில் மலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சேலத்தில் 99. நாலு டிகிரி குறைந்த தண்ணீர், குளிர்ந்த டம்ளர், குளிர்ந்த காற்று எல்லாம் சேர்ந்து கிரீன் டீக்கு நல்லதுதான். ஆனால் நாலு டிகிரிக்கு இவ்வளவு வித்தியாசமா என்று மனசு ஒப்பவில்லை.

போன தடவை அக்கா வீட்டிலிருந்து இறங்கும்போது இரண்டு லிட்டர் பாட்டிலில் அவள் வீட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன். இருபது கொண்டை ஊசி வளைவும் பாட்டிலை மடியில் வைத்திருந்தேன். கோரிமேடு வந்ததும் பக்கத்து சீட்டு அம்மா, “கோயில் தீர்த்தமுங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். டீ போட என்று சொன்னால் இறங்குகிற வரைக்கும் சிரித்திருப்பார்.

வீட்டில் மூன்று பாத்திரம் வைத்தேன். ஒன்றில் அக்கா வீட்டுத் தண்ணீர், ஒன்றில் குழாயில் வரும் மேட்டூர் தண்ணீர், மூன்றாவதில் எங்கள் போர் தண்ணீர். மூன்றும் இதே சேலத்து அடுப்பில், ஒரே கொதி, ஒரே மாதிரி ஆறவிட்டது. மலைத் தண்ணீர் டீ வெளிர் மஞ்சளாக, அடி தெரிகிற மாதிரி நின்றது. மேட்டூர் தண்ணீர் அதற்கு ஒரு படி கீழே, குறை சொல்ல ஒன்றுமில்லை. போர் தண்ணீர் டீ கலங்கிப் பழுப்பாகி, ஐந்து நிமிடத்தில் மேலே எண்ணெய் படிந்த மாதிரி ஆடை கட்டியது. ஸ்பூனால் தொட்டால் கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து விலகியது. கடினத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் தேயிலைத் துவர்ப்பும் சேர்ந்து கட்டுகிற ஆடை அது. புதினா வாசமும் அதில் பாதியாகச் செத்துப்போகிறது.

ஆக, காற்று இல்லை, தண்ணீர். உங்கள் மகள் வீட்டில் போர் தண்ணீர்தான் புழங்குகிறார்கள் என்று என் ஊகம். டீக்கு மட்டும் குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுக்கச் சொல்லுங்கள். கொதித்த தண்ணீரை நேராக இலை மேல் ஊற்ற வேண்டாம் என்றும் சொல்லுங்கள். டவரா டம்ளரில் ஆற்றத் தெரியாத வீடா நம் வீடு? தெர்மாமீட்டர் வைத்தே பார்த்தோம்: 99-ல் எடுத்த தண்ணீர் டம்ளரில் விழுந்ததும் 90, டவராவுக்கு மாற்றினால் 84, திரும்ப டம்ளருக்கு வந்தால் 79. மூன்று மாற்றல், கிரீன் டீக்குத் தயார்.

புதினா போட்டதும் பச்சையாக இருந்த டீ, பத்து நிமிடத்தில் பழுப்பாகிவிடுகிறது. கெட்டுவிட்டதா?
– வாசகி, குகை

கெடவில்லை. இலைப் பச்சையத்தின் நடுவில் ஒரு துளி மெக்னீசியம் இருக்கும். சூட்டிலும் புளிப்பிலும் அது கழன்றுகொண்டால் பச்சை மங்கிப் பாசி நிறமாகும். எலுமிச்சை பிழிந்தால் இன்னும் சீக்கிரம். மூடாமல் வைத்தால் நிறம் கொஞ்சம் நிற்கும், ஆனால் வாசனை ஜன்னல் வழியாகப் போய்விடும். நான் வாசனைக் கட்சி. மூடுங்கள்.

ஸ்பியர்மின்ட் டீ குடித்தால் பெண்களுக்கு முகத்தில் வளரும் முடி குறையும் என்கிறார்கள். எனக்கு நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறது. தினமும் நாலு கப் குடிக்கிறேன். பலன் கிடைக்குமா?
– பெயர் வேண்டாம், வயது 23

கண்ணு, இந்தப் பேச்சு காற்றில் வந்ததில்லை, கொஞ்சம் ஆதாரம் உண்டு. 2010-ல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வெளியானது. நீர்க்கட்டி உள்ள 42 பெண்கள். பாதிப் பேர் ஸ்பியர்மின்ட் டீ, மீதிப் பேர் வேறொரு மூலிகை டீ, நாளைக்கு இரண்டு வேளை, ஒரு மாதம். ஸ்பியர்மின்ட் குடித்தவர்களுக்கு ரத்தத்தில் ஆண் ஹார்மோன் அளவு குறைந்தது. முடி குறைந்த மாதிரி இருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். ஆனால் மருத்துவர்கள் அளந்து பார்த்ததில் முடியின் அளவில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. ஒரு மாதம் அதற்குப் போதாது என்பதும் உண்மை. ஆகவே டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு டீயை நம்பாதே. அவரிடம் இதையும் குடிக்கிறேன் என்று சொல்லிவிடு.

இன்னொன்று, நீ கேட்காதது. நாலு கப்பையும் சாப்பாட்டோடு குடிக்கிறாயா? கிரீன் டீயானாலும் புதினா டீயானாலும், கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடி.

ராத்திரி சாப்பிட்டதும் செரிமானத்துக்கு நல்லது என்று பெப்பர்மின்ட் டீ குடிக்கிறேன். படுத்ததும் நெஞ்சு எரிகிறது. டீ நல்ல தரமில்லையோ?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், சூரமங்கலம்

டீ நல்ல தரம்தான், அதனால்தான் எரிகிறது. உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவில் ஒரு வால்வு மாதிரி தசை இருக்கிறது. பெப்பர்மின்ட் அதைத் தளர்த்திவிடும். படுத்தால் புளிப்பு மேலே ஏறும். வயிற்று உப்புசத்துக்கு இதமாக இருக்கிற அதே குணம்தான் நெஞ்செரிச்சல்காரருக்கு எதிரி. ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். அப்படியும் எரிந்தால் டாக்டரைப் பாருங்கள், பெட்டியை மாற்றாதீர்கள்.

கிரீன் டீயில் பால் சேர்க்கலாமா?
– வாசகர், ஆத்தூர்

உங்கள் வீடு, உங்கள் பால். என்னைக் குடிக்கக் கூப்பிடாதீர்கள்.

புதினாவை வீட்டில் காயவைத்தால் கறுத்து வைக்கோல் மாதிரி ஆகிறது. செடியும் மாடியில் நிற்கவில்லை. என்ன தவறு?
– வாசகி, அம்மாப்பேட்டை

வெயில். இரண்டுக்கும் அதுதான் பதில். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் புதினாவை வைப்பது வடகத்தை வைப்பது மாதிரி. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் அகலமான தொட்டியில் வையுங்கள். ஆழம் வேண்டாம், அது படர்கிற செடி. சந்தைக் கட்டிலேயே தடித்த தண்டாக நாலு எடுத்து, கீழ் இலையை உருவிவிட்டு டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை வேர் விடும். பூ எடுக்கிற மாதிரி நுனி தெரிந்தால் கிள்ளிவிடுங்கள், பூத்த பிறகு இலை மணம் மாறிவிடும்.

காயவைக்க: காலையில் பறித்து, அலசி, துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே பழைய வேட்டியில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். மூன்றாம் நாள் விரலில் நசுக்கினால் ‘கறுக்’கென்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். முழு இலையாகவே போட்டு வையுங்கள். பொடித்து வைத்தால் வாசனை ஒரு மாதம்கூட நிற்காது. ஒரு கட்டு காய்ந்து ஒரு கைப்பிடிகூட வராது, அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நான் முதல் தடவை மூன்று கட்டு காயவைத்தபோது வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, “மீதியை யார் தின்னது?” என்று கேட்டார்.